விற்கக் கூடாத பானம்: வீட்டு பீர் பொழுதுபோக்கான வரலாறு

1978 அக்டோபர் 14ஆம் தேதி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் ஒரு வரிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். லாரி, பேருந்து, டிராக்டர் ஆகியவற்றின் மீதான கலால் வரியைப் பற்றிய சட்டம் அது. கலிஃபோர்னியாவின் செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் கொண்டுவந்த திருத்தம் ஒன்றும் அதற்குள் இடம் பெற்றிருந்தது. வயதுவந்தவர் ஒருவர் மட்டும் வாழும் வீடு ஆண்டுக்கு 100 காலன், அதாவது சுமார் 378 லிட்டர் பீரை வரி கட்டாமல் காய்ச்சிக்கொள்ளலாம், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன், குடும்பத்தின் சொந்தத் தேவைக்கு மட்டும், விற்கக் கூடாது. 1979 பிப்ரவரி 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. இன்று வீட்டில் பீர் காய்ச்சுவதைக் குடும்பத்தோடு கூடாரமடித்துத் தங்குவது, வீட்டிலேயே ரொட்டி சுடுவது போன்றவற்றோடு சேர்த்துப் பொழுதுபோக்காக எண்ணுகிறோம். ஓய்வும் காசும் கிடைத்த தலைமுறை ஒன்று 1970களில் கண்டெடுத்த புதுப் பழக்கம் என்றே பலர் நினைக்கிறார்கள். என் வாதம் வேறு. பீர் காய்ச்சுவது பல நூற்றாண்டுகள் வீட்டு வேலையாகவும், வீட்டு வாசலிலேயே நடந்த சிறு வியாபாரமாகவும் ஒருசேர இருந்தது. முதலில் மூலதனமும், பிறகு வரியும் சட்டமும் இவ்விரண்டையும் பிரித்தன. சந்தையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பிறகு வீட்டில் மிஞ்சிய கைவேலைக்குத்தான் பொழுதுபோக்கு என்ற பெயர் வந்தது.

இந்த வரலாற்றை இங்கிலாந்திலிருந்து தொடங்குவது பொருத்தம். அங்கேதான் ஏடுகள் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. இடைக்கால இங்கிலாந்தின் அன்றாடப் பானம் ஏல். பார்லியை நீரில் ஊறவைத்து, முளைவிடச் செய்து, காயவைத்து, இடித்தால் மால்ட். கை பொறுக்காத சூடுள்ள, ஆனால் கொதிக்காத நீரை அதன் மேல் ஊற்றி மூடிவைத்தால் தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பு நீரை வடித்து, ஆறவைத்து, முந்தைய ஏலின் மேல் திரண்ட நுரையை எடுத்துச் சேர்த்தால் ஓரிரு நாளில் ஏல் தயார். வெப்பமானி இல்லாத காலத்தில் நீரின் பதத்தைக் கையும் கண்ணும்தான் சொல்லின. மால்ட் ஒரு தடவையோடு வீணாகவில்லை: மறுபடி நீர் ஊற்றி வடித்தால் கிடைக்கும் மெல்லிய ஏல் குழந்தைகளுக்கும் வேலையாட்களுக்கும் போனது, கடைசியில் மிஞ்சிய சக்கை பன்றிக்கும் கோழிக்கும் தீனியானது. நீர் சுமப்பது, விறகு சேர்ப்பது, இரவில் எழுந்து நுரையைப் பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் வேலை. சமையலின் ஒரு பகுதியாகவே அது இருந்தது.

ஏலுக்கு ஒரு குணம் உண்டு: சில நாட்களிலேயே புளித்துவிடும். ஒரு தடவை காய்ச்சினால் ஒரு வீடு குடித்து முடிக்க முடியாத அளவு வரும். எனவே மிச்சத்தை அக்கம்பக்கத்துக்கு விற்பது இயல்பாயிற்று. ஏல் தயாரானதும் வாசலில் ஒரு கழியை நட்டு அதில் இலைக்கொத்தைக் கட்டுவார்கள். ஊர்க்காரர்கள் குடத்தோடு வருவார்கள். 13ஆம் நூற்றாண்டில் ரொட்டிக்கும் ஏலுக்கும் விலையும் தரமும் வகுத்த அரசாணை வந்தது. ஊருக்கு ஊர் ஏலைச் சுவைத்துப் பார்க்கும் அதிகாரிகள் இருந்தார்கள். விதிமீறலுக்கென்று விதிக்கப்பட்ட சிறு அபராதம் நாளடைவில் விற்றவர் ஏறத்தாழ எல்லோரும் கட்டும் உரிமக் கட்டணமாகவே ஆகிவிட்டது. அந்த அபராதக் கணக்குகளால்தான் இந்தப் பெண்களின் பெயர்கள் நமக்குத் தெரிய வருகின்றன. வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னெட் நார்த்தாம்ப்டன்ஷயரின் பிரிக்ஸ்டாக் என்ற கிராமத்தின் நீதிமன்ற ஏடுகளைப் படித்து, 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோய்க்கு முந்தைய சில பத்தாண்டுகளில் 300க்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே ஏல் விற்றிருப்பதைக் காட்டினார். ஒரு சிற்றூரில் அத்தனை பேர். தனித் தொழிலாக ஏற்றுக்கொண்டவர்கள் அவர்களில் சிலரே. பலர் தேவைப்பட்டபோது காய்ச்சினார்கள், தேவை தீர்ந்ததும் நிறுத்தினார்கள். விதவைக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் ஏழை விவசாயியின் மனைவிக்கும் அண்டாவும் கைப்பக்குவமும் இருந்தால் போதும், நாலு காசு வரும்.

இதைப் பொற்காலமாகச் சித்திரிக்க வேண்டியதில்லை. லின் நகரத்தைச் சேர்ந்த மார்ஜரி கெம்ப் சுமார் 1373இல் பிறந்தவர். ஆங்கிலத்தின் முதல் தன்வரலாறு என்று பலர் கருதும் நூல் அவருடையது. மூன்று நான்கு ஆண்டுகள் அந்நகரின் பெரிய ஏல் வியாபாரிகளில் ஒருவராக இருந்ததையும், பிறகு நொடித்துப்போனதையும் அதில் அவர் பதிவு செய்கிறார். நுரை அழகாகத் திரண்டு நிற்கும், திடீரென்று அமுங்கிவிடும், ஒரு தடவை காய்ச்சியது முழுவதும் பாழ். அடுத்த தடவையும் அப்படியே. வேலையாட்கள் வெட்கப்பட்டு அவரிடம் நிற்க மறுத்தார்கள். அந்த நுரையிலிருக்கும் ஈஸ்ட் உயிருள்ள நுண்ணுயிர் என்று அறிவியல் நிறுவ இன்னும் நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகும். அவர் அதைக் கடவுளின் தண்டனை என்று ஏற்றுக்கொண்டார். இன்றைய பொழுதுபோக்காளருக்கும் ஈஸ்ட் படுத்துப்போகும். ஆனால் அவருக்கு நட்டம் ஒரு வாளி மால்ட். மார்ஜரிக்கு நட்டம் கைமுதலும் மானமும். இந்த வித்தியாசம் இக்கட்டுரை முழுக்க நமக்குத் தேவைப்படும்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். பெண்களின் கையிலிருந்து இத்தொழில் நழுவியதற்குச் சட்டம் காரணமல்ல, ஹாப் பூதான் காரணம் என்பார்கள். இதில் உண்மை நிறைய உண்டு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து ஹாப் சேர்த்த பீர் இங்கிலாந்துக்கு வரத் தொடங்கியது. ஹாப்பின் கசப்பு பானத்தைக் கெடாமல் காத்தது. பீரை மாதக்கணக்கில் வைக்கலாம், கப்பலில் ஏற்றலாம், படைக்கு அனுப்பலாம். ஹாப் பயிரிடுவதைப் பற்றி 1574இல் நூல் எழுதிய ரெஜினால்ட் ஸ்காட், ஒரு புஷல் மால்ட்டிலிருந்து எட்டு ஒன்பது காலன் ஏல்தான் எடுக்க முடியும், அதே மால்ட்டில் 18 முதல் 20 காலன் பீர் எடுக்கலாம் என்று கணக்குக் காட்டினார். அப்படியானால் யாரிடம் பெரிய செப்புக் கொப்பரையும் நிறையப் பீப்பாயும் மாதக்கணக்கில் சரக்கை முடக்கிவைக்கும் வசதியும் இருந்தனவோ அவர்கள் வென்றார்கள். ஆனால் வசதி எவர் கையில் சேர்ந்தது என்பதைப் பூவால் தீர்மானிக்க முடியாது. மணமான பெண் தன் பெயரில் கடன் வாங்குவதும் ஒப்பந்தம் செய்வதும் அன்றைய சட்டத்தில் கடினம். 1438இல் லண்டன் ஏல் காய்ச்சுவோர் சங்கம் அரச சாசனம் பெற்றது. பெண்கள் அதில் உறுப்பினராக இருந்தாலும் நிர்வாகம் ஆண்களிடமே இருந்தது. 1600 வாக்கில் காய்ச்சும் தொழில் நகரங்களில் பெரும்பாலும் ஆண்களுடையதாகிவிட்டது. கருவி மாறியபோது அதைக் கைக்கொள்ளும் உரிமை சமமாக இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

அடுத்த பிரிவை உண்டாக்கியது வரி. உள்நாட்டுப் போரின் நடுவே 1643இல் நாடாளுமன்றம் ஏலுக்கும் பீருக்கும் கலால் விதித்தது. 1697இல் மால்ட்டுக்கு வரி வந்தது. 1711இல் ஹாப்புக்கும் வந்தது. விற்பனைக்குக் காய்ச்சியவர் மட்டுமே பீர் வரி கட்டினார், வீட்டுக்குக் காய்ச்சியவர் கட்டவில்லை. ஆகவே வரி வீட்டுக்குச் சாதகமாகத்தானே இருந்தது என்று கேட்கலாம். இந்தச் சலுகை யாருக்குப் பயன்பட்டது என்பதை ஆடம் ஸ்மித் 1776லேயே கவனித்தார். நாடுகளின் செல்வத்தைப் பற்றிய தம் நூலில், சொந்தமாகக் காய்ச்சும் வசதி படைத்த குடும்பங்கள் பீர் வரியிலிருந்து தப்புகின்றன, கடையில் வாங்கிக் குடிக்கும் ஏழை அதைச் சுமக்கிறான் என்று அவர் குறைகூறினார். கொப்பரையும் நிலவறையும் மூட்டை மூட்டையாக மால்ட்டும் வைத்திருந்தது பண்ணை மாளிகை. கூலிக்காரரின் குடிசையோ மால்ட் வரியையும் ஹாப் வரியையும் சேர்த்துக் கட்டித்தான் காய்ச்ச வேண்டும். பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டதால் விறகும் போயிற்று. வில்லியம் காபெட் 1821இல் வெளியிடத் தொடங்கிய குடிசைப் பொருளாதாரம் பற்றிய நூலின் முதல் பகுதியையே பீர் காய்ச்சுவதற்கு ஒதுக்கினார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் உழைப்பாளிகளின் வீடுகளில் ஏறத்தாழ எங்கும் பீர் காய்ச்சினார்கள், இப்போது அரிதாகிவிட்டது என்பது அவர் புகார்; மால்ட் வரியும் ஹாப் வரியும் கூலி வீழ்ச்சியும் அதற்குக் காரணம் என்பது அவர் தீர்ப்பு. தேநீரின் மீது அவருக்கிருந்த வெறுப்பை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பாத்திரம் கொதிநீரில் தயாராகும் தேநீர் அண்டா அண்டாவாகக் காய்ச்ச வேண்டிய பானத்தின் இடத்தைப் பிடித்ததற்கு வரி பெரும் காரணம் என்ற அவர் கணக்கு வலுவானது.

1880இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை ஒழித்து, அதற்குப் பதிலாகப் பீரின் மீதே வரி விதித்தார். அத்தோடு வீட்டில் காய்ச்சுவோரும் உரிமம் வாங்க வேண்டும் என்றாயிற்று. அடுப்படி வேலைக்கு அரசிடம் சீட்டு வாங்கும் நிலை எண்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1963ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த உரிமத்தை நீக்கினார். விற்காதவரை எவ்வளவு வேண்டுமானாலும் காய்ச்சலாம். அதற்குப் பின் நடந்ததுதான் என் வாதத்துக்குச் சிறந்த சான்று. தொழிற்சாலை பீர் மலிவாகவும் தரமாகவும் கிடைத்ததால்தான் மக்கள் தாமாகவே காய்ச்சுவதை விட்டார்கள் என்றால், மூலைக்கு மூலை பப் இருந்த 1963இன் பிரிட்டனில் யாரும் அதைத் தீண்டியிருக்கக் கூடாது. மாறாக, வழிகாட்டி நூல்கள் வெளிவந்தன, மன்றங்கள் தோன்றின, பூட்ஸ் போன்ற பெரிய மருந்துக் கடைகளிலேயே மால்ட் சாறும் ஹாப்பும் ஈஸ்ட்டும் விற்பனைக்கு வந்தன. மேற்கு நார்வேயின் வோஸ், ஹோர்னிண்டால் பகுதிகளும் இதையே சொல்கின்றன. தொழிற்சாலை பீர் அங்கும் கிடைத்தது. இருந்தும் பண்ணை வீடுகள் கிறிஸ்துமஸுக்கும் திருமணத்துக்கும் தாமே காய்ச்சுவதை விடவில்லை. மர வளையங்களில் ஈஸ்ட்டைப் படியவைத்து, காயவைத்து, அடுத்த தடவைக்குப் பாதுகாத்தார்கள். க்வைக் எனப்படும் அந்த ஈஸ்ட் மற்ற பீர் ஈஸ்ட்கள் தடுமாறும் 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலும் சுத்தமாக நொதிக்கிறது. அது மரபணு அளவில் தனிக் குடும்பம் என்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. எழுதப் படிக்காத தலைமுறைகளும் ஓர் உயிரினத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கின்றன. கைவேலை அறுபடாததால்தான் அந்த அறிவும் பிழைத்தது.

அமெரிக்காவில் இதே கதை கூடுதல் கொடுமையோடு நடந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் 1757ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் தவிடும் ஹாப்பும் வெல்லப்பாகும் சேர்த்த மெல்லிய பீருக்குச் செய்முறை எழுதிவைத்திருக்கிறார். தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகையில் 1772 முதல் அவர் மனைவி மார்த்தாவின் மேற்பார்வையில் சுமார் இரு வாரத்துக்கு ஒரு பீப்பாய் காய்ச்சப்பட்டது. 1813இல் அங்கே இப்பொறுப்பு பீட்டர் ஹெமிங்ஸிடம் வந்தது. அடிமைப்படுத்தப்பட்டிருந்த அவர், ஜோசஃப் மில்லர் என்ற ஆங்கிலேயத் தொழிலரிடம் மால்ட் செய்வதையும் காய்ச்சுவதையும் கற்றுத் தேர்ந்தவர். பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு அவர் திறமை பேசப்பட்டது. நாட்டுத் தந்தையரின் பழைய பொழுதுபோக்கு என்று இன்று பெருமையாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் மனைவியின் உழைப்பும் அடிமையின் உழைப்புமே. 1920இல் மதுவிலக்கு வந்தது. வீட்டில் பழச்சாறும் ஆப்பிள் சாறும் செய்துகொள்ள, அதை நடைமுறைப்படுத்திய வோல்ஸ்டெட் சட்டம் இடம் விட்டது, பீருக்கு விடவில்லை. பாப்ஸ்ட், ஆன்ஹைசர் புஷ் போன்ற ஆலைகள் மால்ட் பாகைத் தகர டப்பாவில் அடைத்து ரொட்டி சுடுவதற்கென்று விற்றன. லட்சக்கணக்கான அடுப்படிகளில் அது பீராயிற்று. 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டு ஒயினுக்கு வரிவிலக்குக் கிடைத்தது, வீட்டு பீருக்குக் கிடைக்கவில்லை. இந்த ஓரவஞ்சனைதான் 1978இல் முடிவுக்கு வந்தது. அலபாமாவும் மிசிசிப்பியும் தங்கள் மாநிலச் சட்டங்களை மாற்ற 2013 வரை எடுத்துக்கொண்டன.

1963க்கும் 1978க்கும் இடையே ஒரு நேரடிப் பாலம் உண்டு. ஸ்காட்லாந்தில் பணியாற்றிய அமெரிக்கக் கடற்படை வீரர் ஜாக் மெக்காலிஃப் அங்கே பூட்ஸ் கடையில் வீட்டு பீர்ப் பொருள்களை வாங்கிக் காய்ச்சப் பழகினார். ஊர் திரும்பிய அவர் சூசி ஸ்டெர்ன், ஜேன் சிம்மர்மன் என்ற இரு பெண்களோடு சேர்ந்து 1976இல் கலிஃபோர்னியாவின் சொனோமாவில் நியூ ஆல்பியன் என்ற சிற்றாலையைத் தொடங்கினார். அதே ஆண்டு சிக்கோ நகரில் வீட்டு பீருக்கான பொருள்களை விற்கும் கடை திறந்த கென் கிராஸ்மன், 1980இல் சியெரா நெவாடா ஆலையில் முதல் பீரைக் காய்ச்சினார். 1978இல் கொலராடோவின் போல்டரில் சார்லி பாப்பசியன் வீட்டில் காய்ச்சுவோருக்கான சங்கத்தை நிறுவத் துணை நின்றார். 1970களின் இறுதியில் நாடு முழுவதும் நூற்றுக்கும் குறைவாக இருந்த ஆலைகள் இன்று 9,000க்கும் மேல். அடுப்படியில் கற்றதே அந்தத் தொழிலுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. ஆனால் அடுப்படியிலிருந்து சந்தைக்குப் போகும் வழி பிரிக்ஸ்டாக் பெண்களுக்கு இருந்ததுபோல் இல்லை. வாசலில் கழி நட்டால் போதாது. தனிக் கட்டடம், கூட்டரசு உரிமம், மாநில உரிமம், முதலீடு எல்லாம் வேண்டும். நியூ ஆல்பியன் அந்தச் சுமையில் 1982இல் மூடப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் இரு பெண்கள் இருந்ததும் நெடுங்காலம் பேசப்படவே இல்லை.

பெண்கள் தரப்பிலிருந்தே வரக்கூடிய ஒரு கேள்வி உண்டு. நீர் சுமந்து, விறகு பொறுக்கி, புகையில் வெந்த வேலை போனதற்கு ஏன் வருந்த வேண்டும்? ஆலை வந்ததால் பெண்களுக்கு விடுதலைதானே? நியாயமான கேள்வி, பழைய உழைப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போனது உழைப்பு மட்டுமாக இருக்கவில்லை, அதன் வருமானமும் சேர்ந்தே போனது. சமைப்பது, துவைப்பது, பிள்ளை வளர்ப்பது எல்லாம் பெண்ணிடமே நின்றுவிட, காசு தந்த வேலை மட்டும் வீட்டைவிட்டு வெளியேறியது. பல நூற்றாண்டுகள் கழித்து அதே கைவேலை பெருமையோடும் பரிசுப் போட்டிகளோடும் திரும்பியபோது, வந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வு நேரம் உள்ள ஆண்கள். தோற்றாலும் இழப்பதற்கு ஒன்றும் இல்லாத நிலைதான் ஒரு வேலையைப் பொழுதுபோக்காக்குகிறது. அந்த நிலை யாருக்குக் கிடைத்தது என்று கேட்காமல் இவ்வரலாற்றை எழுத முடியாது.

தமிழ் வாசகருக்கு இதைவிடக் கனமான ஆட்சேபம் இருக்கும்: குடி அழித்த குடும்பங்களை அன்றாடம் பார்க்கும் சமூகத்தில் பீர் காய்ச்சுவதைப் பரிவோடு பேசலாமா? ராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்ததன் பின்னாலிருந்த கவலை பொய்யல்ல. அவ்வாண்டு பிறந்த சட்டத்தின் வழியில் தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது இன்றும் குற்றம்தான். அந்தக் கவலையை நான் முழுமையாக மதிக்கிறேன். இரண்டு விஷயங்களை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். நொதிக்கவைப்பதும் வடித்தெடுப்பதும் வேறு வேறு. 1978இன் சட்டம் பீருக்கு இடம் தந்தபோதும், வீட்டில் சாராயம் வடிப்பது அமெரிக்காவில் அப்போதும் குற்றமாகவே தொடர்ந்தது. நம் ஊர்களில் உயிர் குடித்த மெத்தனாலும் பெரும்பாலும் தொழிற்சாலை இரசாயனமாக வந்து கலந்ததுதான். அடுத்தது, அனுமதி தந்ததால் குடி பெருகியதா என்பது. அமெரிக்காவில் தலைக்கு மது நுகர்வு 1980களின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டு, அதன் பின் 1990களின் இறுதிவரை இறங்கியது. வீட்டு பீர் அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டு பீர் வெள்ளம்போல் குடியைப் பெருக்கும் என்ற அச்சம் மெய்ப்படவில்லை. குடியின் கேடு பெரும்பாலும் எளிதாக, மலிவாக, அளவில்லாமல் கிடைப்பதில் இருக்கிறது. வாரக்கணக்கில் காத்திருந்து சில டஜன் புட்டிகள் நிரப்புபவர் அந்த விற்பனைச் சங்கிலியில் மிகச் சிறு கண்ணி.

அப்படியானால் 'விற்கக் கூடாது' என்ற கோட்டை அழித்துவிட வேண்டுமா? வீட்டில் சுட்ட ரொட்டி, கேக், ஜாம் ஆகியவற்றுக்கும் இப்படி ஒரு கோடு அமெரிக்காவில் இருந்தது. குடிசை உணவுச் சட்டங்கள் என்ற பெயரில் மாநிலம் மாநிலமாக அதைத் தளர்த்தினார்கள். வீட்டு ரொட்டிக்குக் கடைசியாக வழிவிட்ட மாநிலம் நியூ ஜெர்சி, 2021இல். அடுப்படிக்கும் சந்தைக்கும் இடையிலான கோடு இயற்கையாக அமைந்ததல்ல, வேண்டும்போது நகர்த்தக்கூடியது என்பதற்கு இதுவே போதுமான சான்று. மதுவைப் பொறுத்தவரை அரசு அந்தக் கோட்டைக் கடுமையாகவே வைத்திருக்கலாம். அதற்கு மக்கள் நலன் சார்ந்த காரணங்கள் இருக்கின்றன. ஆனால் கோடு யாருடைய சோற்றின் குறுக்கே போடப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீட்டு பீரின் வரலாற்றை 1978இல் தொடங்கி எழுதினால் அது சில துணிச்சலான இளைஞர்களின் வெற்றிக்கதை. பிரிக்ஸ்டாக்கின் அபராத ஏடுகளிலிருந்து தொடங்கினால் அது உழைப்பின் வரலாறு; மார்ஜரி கெம்பும் பீட்டர் ஹெமிங்ஸும் அதில் முன்வரிசையில் நிற்பார்கள். உண்மைக்கு நெருக்கமானது இரண்டாவதுதான். சமையல், தையல், தோட்டம் என்று நாம் பொழுதுபோக்குப் பட்டியலில் சேர்க்கும் ஒவ்வொன்றிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: இது யாருக்குப் பிழைப்பாக இருந்தது, அவர்களிடமிருந்து எப்போது, எந்த விதியால் போயிற்று?